‘நான்’ யாருடைய சொத்து?

எம்.ஏ. தமிழ் படித்த நாட்களில், ஆசிரியன் இறந்துவிட்டான் என்று ரோலான் பார்த் 1967இல் எழுதியதை டீக்கடை பெஞ்சுவரை சுமந்து திரிந்தோம். செத்தது யார், இழவு யார் வீட்டில் என்று கேட்கத் தோன்றவில்லை. அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ரோசேன் பாரின் வரலாற்றைப் படித்தபோதுதான் அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது.

டென்வர் நகரில் மது பரிமாறும் பணிப்பெண், மூன்று பிள்ளைகளின் தாய். 1980களின் தொடக்கத்தில் மேடை ஏறினார். தனியாள் நகைச்சுவையில் இருப்பது ஒரு மைக், ஒரு ‘நான்’. எழுதுபவள், பேசுபவள், பேசப்படுபவள் மூவரும் ஒருத்தியே. தன்னை ‘வீட்டுத் தெய்வம்’ என்று எகத்தாளமாக அழைத்துக்கொண்டு, இல்லத்தரசி என்னும் பிம்பத்தை உள்ளேயிருந்தே கவிழ்த்தார். 1985இல் ஜானி கார்சன் நிகழ்ச்சியில் தோன்றியதும் நாடறிந்தவரானார்.

1988 அக்டோபர் 18 அன்று ஏபிசியில் ‘ரோசேன்’ தொடர் வந்தது. அதே கார்சி-வெர்னர் நிறுவனத்தின் ‘காஸ்பி ஷோ’வில் கணவன் டாக்டர், மனைவி வக்கீல். இங்கே மனைவி பிளாஸ்டிக் தொழிற்சாலைக் கூலி; கணவன் சின்ன காண்ட்ராக்டர். கட்டப்படாத பில், பழைய சோபா, பருத்த உடல்கள். குடும்பத் தொடர் என்ற வடிவத்துக்குள் வர்க்கம் செருப்போடு நுழைந்தது. 1989-90இல் இரு தொடர்களும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டன.

ஆனால் திரையில் ‘உருவாக்கம்’ என்ற இடத்தில் இருந்தது மாட் வில்லியம்ஸ் பெயர். தொடர் அடிப்படையாகக் கொண்ட பாத்திரத்தை உருவாக்கியவர் என்பதே ரோசேனுக்குக் கிடைத்த தகுதி. வில்லியம்ஸின் உழைப்பு பொய்யில்லை. ஆனால் முதல் 13 எபிசோடுகளோடு அவர் வெளியேறிய பிறகும் பெயர் 1997 வரை ஓடியது. மேடையில் முழுசாக அவளுடையதாக இருந்த ‘நான்’, தொலைக்காட்சியில் ‘பாத்திரம்’ என்னும் கச்சாப்பொருளாகிவிட்டது. நாம் ஆசிரியனைக் கொன்று களித்த காலத்தில், ஒரு பெண் தன்னை ஆசிரியர் என்று ஒத்துக்கொள்ளச் சொல்லி மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

1997 மே 20 அன்று வந்த கடைசி எபிசோடை இந்தப் பின்னணியில்தான் வாசிக்க வேண்டும். அந்த வருடம் முழுக்க காட்டிய லாட்டரிப் பணம் பொய்; கணவன் டேன் மாரடைப்பில் செத்துவிட்டான்; இதெல்லாம் நிலவறையில் அவள் உட்கார்ந்து எழுதிய கதை என்கிறது அது. பலர் ஏமாந்துபோனார்கள். எனக்கு அது உரிமைகோரல். பெயர்ப்பட்டியலில் மறுக்கப்பட்டதைப் பிரதிக்குள்ளேயே எடுத்துக்கொண்டாள்.

இங்கேயே நிறுத்தினால் வீரகாவியம் ஆகிவிடும். 2018 மார்ச்சில் தொடர் மீண்டும் வந்தது. செத்த டேன் உயிரோடு திரும்பினான். முதல் நாள் பார்த்தவர்கள் 1 கோடியே 80 லட்சத்துக்கு மேல். மே 29 அன்று, ஒபாமாவின் ஆலோசகராக இருந்த வாலரி ஜாரட் என்னும் கறுப்பினப் பெண்ணைக் குரங்கோடு இணைத்து ரோசேன் ட்விட்டரில் எழுதினார். சில மணி நேரத்தில் தொடரை ரத்துசெய்தவர் சானிங் டங்கி, ஏபிசியின் தலைமையில் இருந்த கறுப்பினப் பெண். ஏழையின் வாயை நிறுவனம் அடைத்தது என்று இதைச் சுருக்கிவிட முடியாது. விளிம்பிலிருந்து வந்த குரல் இன்னொரு விளிம்பை மிதித்தது. அந்தச் சொல்லுக்கு ஆசிரியர் அவர்தான், வேறு யாருமில்லை.

பிறகு ரோசேன் தன் பங்கு முழுவதையும் விட்டுக்கொடுக்க, அதே குடும்பம் 2018 அக்டோபரில் ‘தி கானர்ஸ்’ ஆயிற்று. வலிநிவாரணி மாத்திரை மிகையாகி ரோசேன் பாத்திரம் செத்ததாகக் கதை. 1997இல் டேனை அவள் எழுதிக் கொன்றாள். 2018இல் அவளை மற்றவர்கள் எழுதிக் கொன்றார்கள். அவள் இல்லாத வீடு 2025வரை ஓடியது.

ஆசிரியனின் மரணத்தை இனி நான் அவ்வளவு லேசாகச் சொல்ல மாட்டேன். சொல்லுக்கு உரிமை கேட்பவர் பழியையும் ஏற்றாக வேண்டும். ஆனால் யார் செத்தாலும் காப்புரிமை மட்டும் சாவதில்லை.