1098 பாடப்புத்தகத்துக்கு வந்த கதை

வடசென்னையின் டோல்கேட் நிறுத்தத்தில் இறங்கி, கன்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகளிடம் 1098 என்ன எண் என்று கேளுங்கள். பலர் சொல்லிவிடுவார்கள். குழந்தைகளுக்கான இலவச எண். யாராவது தப்பாக நடந்தால் கூப்பிட வேண்டும். பாடநூலில் இருக்கிறது, பள்ளிச் சுவரில் இருக்கிறது. ஆனால் அந்த எண் எந்தப் பள்ளியிலும் பிறக்கவில்லை. பள்ளி வாசலையே மிதிக்காத பிள்ளைகள்தான் அதை உண்டாக்கினார்கள்.

1990-களின் மும்பை. டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் ஆசிரியராக இருந்த ஜெரூ பில்லிமோரியா, ரயில் நிலையங்களிலும் இரவுக் காப்பகங்களிலும் தங்கும் பிள்ளைகளோடு பழகி வந்தார். ஏதாவது அவசரமென்றால் கூப்பிடுங்கள் என்று தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்திருந்தார். பிள்ளைகளும் கூப்பிட்டார்கள். இரவென்றும் பகலென்றும் பார்க்கவில்லை. அடிபட்டதற்கும் உடம்புக்கு முடியாமல் போனதற்கும் கூப்பிட்டார்கள். ஒன்றுமில்லாமல் சும்மா பேசவும் கூப்பிட்டார்கள். ஒருவருடைய வீட்டுத் தொலைபேசி தாங்குகிற பாரமா அது? 1996 ஜூனில், அந்த நிறுவனத்தின் சோதனைத் திட்டமாக, இருபத்துநான்கு மணி நேரமும் ஆள் இருக்கும் உதவி எண் ஒன்று தொடங்கியது. காசு போடாமல் கூப்பிடலாம். எழுத்துத் தெரியாத பிள்ளைக்கும் மனத்தில் நிற்கும்: பத்து, ஒன்பது, எட்டு. ராக்கெட் விடுவதற்கு முன் எண்ணுகிற இறங்குவரிசை.

இந்தப் பிறப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் வரிசைதான். முதலில் பிள்ளைகள் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகுதான் எண் வந்தது. குழந்தைகளுக்காக நாம் போடும் திட்டங்களில் இப்படிப் பிள்ளைகள் கேட்டுப் பிறந்தவை மிகக் குறைவு.

மும்பை எண்ணுக்குப் பத்து ஆண்டு முன்னால், 1986 அக்டோபர் 30 அன்று, லண்டனில் பி.பி.சி. தொகுப்பாளர் எஸ்தர் ரான்ட்சன் 'சைல்ட்லைன்' என்ற எண்ணைத் தொடங்கினார். வீட்டுக்குள்ளேயே வதைபடும் பிள்ளைகளை மனத்தில் வைத்துப் பிறந்த எண் அது. முதல் நாள் இரவே ஐம்பதாயிரம் அழைப்புகள் முட்டின. மும்பை எண்ணோ தெருவில் வாழும் பிள்ளைக்காகப் பிறந்தது. 1999-இல் சைல்ட்லைன் இந்தியா ஃபவுண்டேஷன் உருவாகி, 1098 ஊர் ஊராகப் பரவியது. சென்னையிலும் தொண்டு நிறுவனங்கள் அதை எடுத்து நடத்தின. அப்போதும் வீட்டில் இருக்கிற பிள்ளை பத்திரமாக இருக்கிறது என்றுதான் நாம் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

அந்த நம்பிக்கையை உடைத்த ஆய்வுகளில் ஒன்று சென்னையிலேயே நடந்தது. 2004-இல் வித்யா ரெட்டி முதலானோர் தொடங்கிய 'துளிர்' அமைப்பு, நகரப் பள்ளிகளில் 2,211 மாணவர்களிடம் கேட்டு 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 42 விழுக்காடு. இவர்கள் சீருடை போட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸ் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போகிற பிள்ளைகள். அடுத்த ஆண்டு மத்திய மகளிர் குழந்தைகள் நல அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டது. அங்கே அந்தக் கணக்கு 53 விழுக்காடு. ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் ஏறத்தாழச் சமம். செய்தவர்களில் பாதிப் பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பிப் பழகியவர்கள். பெரும்பாலான பிள்ளைகள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அதே 2007-இல்தான் மகாராஷ்டிரம், கர்நாடகம், குஜராத், மத்தியப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்கள், வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைப் பள்ளிகளில் நடத்தக் கூடாது என்று நிறுத்தின. பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்பது காரணம். ஒரு கையில் அந்த ஆய்வறிக்கை, இன்னொரு கையில் இந்தத் தடை உத்தரவு. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. உடலைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் சீக்கிரம் பாலுறவை நாடுவார்கள் என்பதற்கு ஆதாரமில்லை என்று, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ தன் வழிகாட்டியில் சொல்லிவிட்டது; 2009-இல் வந்த அந்த வழிகாட்டி 2018-இல் திருத்தி வெளியிடப்பட்டது. ஐந்து வயதுக்கு என்ன, ஒன்பது வயதுக்கு என்ன, பன்னிரண்டுக்கு, பதினைந்துக்கு என்ன என்று அதில் தனித்தனியாகப் பிரித்திருக்கிறார்கள்.

2012 நவம்பர் 14 அன்று, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்தது. தெரிந்தும் புகார் சொல்லாமல் மறைப்பதே குற்றமானது. பிள்ளையிடம் வாக்குமூலம் வாங்கும் காவலர் சீருடையில் இருக்கக் கூடாது என்றும் சட்டம் சொன்னது. நல்ல சட்டம்தான். ஆனால் யாராவது சொன்னால்தானே சட்டம் அசையும்.

வடசென்னைக்காரர்கள் மறக்க முடியாத வழக்கு ஒன்று உண்டு. 2020-இல் வண்ணாரப்பேட்டையில் 13 வயதுச் சிறுமி ஒருத்தியை உறவினர்களே பாலியல் தொழிலில் தள்ளியது வெளியே வந்தது. 2022 செப்டம்பரில் 21 பேருக்குத் தண்டனை: எட்டுப் பேருக்கு ஆயுள், பதின்மூன்று பேருக்கு இருபது ஆண்டு. தண்டிக்கப்பட்டவர்களில் ஒருவர் எண்ணூரில் போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்தவர். வீட்டுப் பெரியவர்களிடம் சொல், இல்லாவிட்டால் போலீசிடம் சொல் என்று காலங்காலமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். அந்தச் சிறுமிக்கு அந்த இரண்டு வாசலும் எப்படிப்பட்டவையாக இருந்தன என்று நினைத்துப் பாருங்கள். மூன்றாவதாக ஒரு வாசல், வீட்டுக்கும் காவல் நிலையத்துக்கும் வெளியே ஏன் வேண்டும் என்பது அப்போது விளங்கும்.

பிறகு 2021 வந்தது. மே மாதம் சென்னைப் பள்ளிகளின் முன்னாள் மாணவிகள், பள்ளியில் நடந்த பாலியல் தொல்லையைப் பற்றி ஒவ்வொருவராகப் பேசத் தொடங்கினார்கள். நவம்பரில் கோவையிலும் கரூரிலும் அப்படித் தொல்லைக்கு ஆளான மாணவிகள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அந்த ஆண்டில்தான் எல்லாம் வேகம் பிடித்தது. பள்ளிதோறும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு, 'மாணவர் மனசு' என்ற புகார்ப் பெட்டி, நவம்பர் 15 முதல் 22 வரை விழிப்புணர்வு வாரம் என்று அடுத்தடுத்து அறிவிப்புகள் வந்தன. 1098-ம், 2018-இல் தொடங்கிய பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்ணான 14417-ம் பாடநூலில் ஏறின. ரயிலடிப் பிள்ளைகள் கூப்பிட்டுப் பிறந்த எண், கால் நூற்றாண்டு கழித்து, பெண்பிள்ளைகளின் சாவுக்குப் பிறகு வகுப்பறைக்குள் வந்தது.

எண் வந்துவிட்டது. கூப்பிடுவது எப்படி?

1098 பரவிய நாள்களில் பெட்டிக்கடை வாசலில் காயின் பாக்ஸ் தொங்கும். பால் வாங்கப் போகிற பிள்ளை யாருக்கும் தெரியாமல் நாலு எண்ணை அழுத்தலாம். அந்த எண் பாடப்புத்தகத்துக்கு வந்து சேர்வதற்குள் காயின் பாக்ஸ் மறைந்துவிட்டது. இப்போது வீட்டில் இருக்கிற செல்போன் அப்பாவின் சட்டைப் பையில், இல்லாவிட்டால் அண்ணன் கையில். காசிமேட்டுக்கு மீன் எடுக்க விடியுமுன்னே கிளம்பும் அம்மா, மணலியில் இரவு ஷிஃப்டுக்குப் போகும் அப்பா, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீடு, சாயங்காலம் டியூஷன். இந்த வாழ்க்கையில் பிள்ளைக்குத் தனியாக ஒரு போன் எங்கே கிடைக்கும்? தலைமையாசிரியர் அறையில் இருக்கும் போனைக் கேட்டால், எதற்கு என்ற கேள்வி முதலில் வரும். 2018-இல் அயனாவரத்தில் வெளிவந்த பாலியல் வன்கொடுமை வழக்கின் சிறுமிக்குக் காது கேட்காது, 11 வயது. வெளியூரிலிருந்து வந்த அக்காவிடம் சொன்னதால்தான் உலகுக்குத் தெரிந்தது. போன் அவளுக்கு எந்த வகையில் உதவியிருக்கும்?

போன் கிடைத்தாலும், பேச வார்த்தை வேண்டும். நம் வீடுகளில் கைக்குப் பெயர் உண்டு, காலுக்குப் பெயர் உண்டு. துணி விலகினால் தெரியும் இடத்துக்குப் பெயர் 'ஷேம் ஷேம்'. மூன்று வயதிலிருந்து அப்படியே பழக்குகிறோம். அந்த இடத்தில் ஒருவன் கை வைத்தான் என்று முகம் தெரியாத ஒருவரிடம் அந்தப் பிள்ளை எதைச் சொல்லி ஆரம்பிக்கும்? நம் அறிவியல் பாடநூலில் வளரிளம் பருவத்துக்கென்று தனிப் பாடம் எட்டாம் வகுப்பில்தான் வருகிறது. பல பெண்பிள்ளைகள் ஆறாவது, ஏழாவதிலேயே பெரியவளாகிவிடுகிறார்கள். முதல் ரத்தத்தைப் பார்த்துப் பயந்துபோன பிறகு பாடம் வருகிறது. அதையும் வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று தாண்டிவிடும் ஆசிரியர்கள் உண்டு. அவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

என்னைக் கேட்டால், ஒன்றாம் வகுப்பிலேயே உடல் உறுப்புகளின் பெயர்கள் எல்லாம் வர வேண்டும். யார் குளிப்பாட்டலாம், எந்த ரகசியத்தை மறைக்கவே கூடாது என்பதும் அங்கேயே. ஐந்தாவதில் மாதவிடாய், ஆண்பிள்ளைகளும் கூடவே உட்கார்ந்து கேட்க வேண்டும். எட்டாவதில் உடல் மாறுவதோடு, தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ ஊர் சொல்கிறபடி உணராத பிள்ளை வகுப்பில் இருக்கக்கூடும் என்பதும், அதைக் கேலி செய்யக் கூடாது என்பதும். பதினொன்றாவதில் காதலும் சம்மதமும் போக்சோ சட்டமும். பதினேழு வயதுக் காதலர்கள் அந்தச் சட்டத்தில் சிக்கும் வழக்குகளைப் பார்த்து, விடலைப் பருவக் காதலைத் தண்டிக்க வந்த சட்டமல்ல இது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் சொல்ல வேண்டிவந்தது. பாலியல் கல்வி வெறும் இனப்பெருக்கப் பாடமல்ல, சம்மதமும் மரியாதையும் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் எழுதிய தீர்ப்பும் அம்பத்தூர் வழக்கு ஒன்றிலிருந்து போனதுதான்.

1098 இப்போது தொண்டு நிறுவனங்களின் கையில் இல்லை. குழந்தைகள் பாதுகாப்புக்கான மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ் அரசே நடத்துகிறது. போலீசுக்கும் போகிற 112 அவசர எண்ணோடும் இணைத்திருக்கிறார்கள். டோல்கேட், எண்ணூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு போலீஸ் என்றால் என்ன நினைவு வரும் என்று தெரிந்தவர்கள் அந்த அழைப்பை எடுக்க வேண்டும். பள்ளிக்கு ஒரு போன், கேள்வி கேட்காமல் பிள்ளை எடுக்கக்கூடிய இடத்தில், இந்தக் கல்வியாண்டிலேயே வைக்கலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.