முதலாண்டுப் பாடமாக ஓர் ஏரி

இயற்கை வள மேலாண்மை நம் கல்லூரிகளின் முதலாண்டு வகுப்புக்குள் வந்தது நீதிமன்றத்தின் வழியாக. எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில், சுற்றுச்சூழல் கல்வி எல்லா நிலைகளிலும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் பணித்தது. 2003-இல் அதை மீண்டும் வலியுறுத்தியது. எல்லா இளநிலைப் பட்டப் படிப்புகளுக்கும் பொதுவாக, பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆறு மாதப் பாடத்திட்டம் அவ்வாறு நடைமுறைக்கு வந்தது. எட்டு அலகுகள், 50 வகுப்புகள். இரண்டாம் அலகில் காடு, நீர், கனிமம், உணவு, ஆற்றல், நிலம் என்று வளங்கள் ஆறு தலைப்புகளில் நின்றன. கடைசி அலகு களப்பணி. அதற்கு ஒதுக்கிய நேரம் 5 வகுப்புகள்.

பாடம் வந்ததே பெரிய வரவு. ஆனால் அந்த ஆறு தலைப்புகளைத் தனித்தனியே படித்துத் தேர்வெழுதும் மாணவருக்கு வளங்களின் பட்டியல் கிடைக்கிறது, மேலாண்மை கிடைப்பதில்லை. நிலத்தடி நீர் புதுப்பிக்கத்தக்க வளம் என்று எழுதினால் மதிப்பெண் உண்டு. ஊறுவதைவிட வேகமாக இறைத்தால் அதே நீர் தீர்ந்துபோகும் வளமாகிவிடும் என்பதைப் பட்டியல் சொல்லாது. வளத்தின் குணத்தில் பாதி, அதை எடுப்பவர்கள் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாட்டில் இருக்கிறது. இதை முதலாண்டு மாணவருக்குக் காட்ட ஓர் ஏரியைவிட நல்ல பாடநூல் நம்மிடம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. தமிழ்நாட்டில் ஏரிகளும் கண்மாய்களும் ஏறத்தாழ 39,000 உள்ளன. பெரும்பாலான கல்லூரிகளிலிருந்து பேருந்தில் போய் மாலைக்குள் திரும்பும் தொலைவில் ஒன்றாவது இருக்கும்.

முதல் வகுப்பில் கரைமேல் ஏறி நின்று, யாருக்கு இந்த ஏரி வேண்டும் என்று கேட்டால் போதும். ஆயக்கட்டுக்காரருக்குக் கதிர் வரும் நேரத்தில் மடை திறக்க வேண்டும். மீன் பாசி ஏலம் எடுத்தவருக்கு மீன் வளரும்வரை தண்ணீர் நிற்க வேண்டும். ஆடு மாடு மேய்ப்பவருக்கு நீர் வற்றிய உள்வாயில் புல் வேண்டும். குயவருக்குக் களிமண் வேண்டும். ஆனால் கரையடியில் தோண்டினால் கரைக்கே ஆபத்து. ஏரியின் உள்வாயை ஆக்கிரமித்துப் பயிர் வைத்தவருக்கோ ஏரி நிரம்பவே கூடாது. ஆயக்கட்டுக்குள் கிணறு வைத்திருப்பவர் மடையைப் பற்றிக் கவலைப்பட மாட்டார். ஆனால் அவருடைய கிணற்றுக்கு ஊற்று இந்த ஏரியிலிருந்துதான். நீர், மண், மீன், மரம், புல், நிலத்தடி நீர் ஆகிய எல்லாமே இங்கே ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கின்றன. ஒருவருக்குக் கூட்டினால் இன்னொருவருக்குக் குறையும். அதைத் தீர்த்துவைப்பதுதான் மேலாண்மை.

இரண்டாவது வகுப்பில் கணக்கு. ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர். நீர்ப்பிடிப்பு 500 ஹெக்டேர், ஒரு நாள் மழை 50 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விழுந்தது 25 கோடி லிட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடி ஏரிக்கு வந்தால் 5 கோடி லிட்டர், அதாவது ஒன்றே முக்கால் மில்லியன் கனஅடி. நெல்லுக்கு ஒரு போகத்துக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் நீர் தேவை என்று கொண்டால், ஒரு ஹெக்டேருக்கு 1.2 கோடி லிட்டர். கொட்டித் தீர்த்த ஒரு நாள் மழை, ஏரி வழியாக நான்கு ஹெக்டேர் நெல்லைத்தான் முழுமையாகக் காப்பாற்றும். வயல்மேல் நேரடியாக விழும் மழையைக் கழிக்க வேண்டாமா, ஆவியாவதும் கசிவதும் எங்கே என்று மாணவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டும். வரத்துக்காலில் ஒரு மண்மேடு, ஒரு குப்பைக் குவியல், ஒரு வீட்டுமனைத் தடுப்பு இருந்தால் அந்த ஐந்தில் ஒரு பங்கு என்னவாகும் என்பதும் அப்போது விளங்கும்.

ஒழுங்குமுறை என்ற பகுதிக்கு வரும்போது பாடநூல்கள் வழக்கமாக காரட் ஹார்டினிடமிருந்து தொடங்கும். பொதுவில் இருக்கும் மேய்ச்சல் நிலம் அழிந்தே தீரும் என்று 1968-இல் எழுதியவர் அவர். எலினார் ஆஸ்ட்ரம் 1990-இல் வெளியிட்ட நூலில் அதை மறுத்தார். பொதுவளத்தைப் பயன்படுத்துகிறவர்களே எல்லை வகுத்து, விதி செய்து, கண்காணித்து, மீறியவரைத் தண்டித்துக் காலங்காலமாகக் காத்துவந்த இடங்களை எடுத்துக்காட்டினார். சுவிட்சர்லாந்தின் தோர்பெல் ஊரில், குளிர்காலத்தில் எத்தனை மாடுகளுக்குத் தீவனம் போட முடியுமோ அத்தனையைத்தான் கோடையில் பொது மேய்ச்சலுக்கு ஓட்டலாம் என்ற விதி 1517-ஆம் ஆண்டிலேயே இருந்தது. 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசை ஆலிவர் வில்லியம்சனுடன் பகிர்ந்துகொண்ட ஆஸ்ட்ரம், அப்பரிசைப் பெற்ற முதல் பெண்.

தோர்பெலுக்கு ஆறு நூற்றாண்டுகள் முந்தியது உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்குக் குடவோலை முறையில் ஆளெடுத்ததைச் சொல்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய உறவினருக்கும் இல்லை. ஏரிப் பணத்துக்குக் கணக்கு கேட்கும் விதியைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். மாணவருக்கு இதன் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: அது நிலமும் வேதக் கல்வியும் உடைய பிராமணர்களின் சபை. ஏரியில் இறங்கி வேலை செய்தவர்களுக்கு அங்கே குரல் இல்லை.

அப்படி இறங்கி வேலை செய்தவர்களின் வழிவந்தவர்தான் நீர்க்கட்டி. சில ஊர்களில் நீராணிக்கர். பழைய மடைகளில் ஏரிக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும். நடுவே குறுக்குக்கல், அடியில் துளை, துளையை அடைக்கும் குழவி. நீருக்குள் இறங்கி அதைத் தூக்கவும் இறக்கவும் தெரிந்தவர் அவர். தண்ணீர் குறைந்தால் முறை வைத்து, கடைமடைக்கும் எட்டும்படி வயல் வயலாகத் திருப்பிவிடுவார். அறுவடையில் நெல்லாகக் கூலி. பல ஊர்களில் அவர் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர், சொந்த நிலம் இல்லாதவர். ஊர்த் தண்ணீரை நடுநிலையாகப் பங்கிட்டவருக்கு அந்தத் தண்ணீரில் விளையும் காணி இல்லை. பாடத்திட்டத்தில் சமூக நீதி என்ற சொல் வரும்போது இந்த மனிதரை வைத்துப் பேசாமல் கடந்துபோவது நியாயமல்ல.

ஏரிகள் தளர்ந்த கதை ஓரளவு தெரிந்ததே. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித்துறைக்கும் மற்றவை ஊராட்சி ஒன்றியத்துக்கும் போயின. மோட்டார் வந்தது, கிணறு உள்ளவர்கள் ஏரி வேலைக்கு வருவதை நிறுத்தினார்கள். உள்வாயில் சீமைக்கருவேலம் ஏறியது. ஊரார் கூடி ஏரியைப் பராமரித்த குடிமராமத்தின் பெயரை அரசு 2017-இல் மீட்டு, தூர்வாரும் பணியைத் தொடங்கியது நல்ல செயல். ஆனால் தூர்வாருவது சில வாரத்து வேலை. தண்ணீரைப் பங்கிடுவதும் கணக்குக் கேட்பதும் ஆண்டுதோறும் நடக்க வேண்டியவை. அந்த இரண்டுக்கும் ஊரில் ஆளில்லை என்றால், தூர்வாரிய ஏரி சில ஆண்டுகளில் மறுபடி மேடாகும்.

இம்மலரைப் படிக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். களப்பணியைப் பருவத்தின் கடைசியில் தள்ளாதீர்கள்; முதலில் வையுங்கள். உங்கள் துறைக்கென்று ஓர் ஏரியைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வோர் ஆண்டும் புது மாணவர்களைக் கொண்டு வரத்துக்கால், மடை, கலிங்கு, வண்டலின் ஆழம், கிணற்று நீர்மட்டம் ஆகியவற்றை ஒரே பதிவேட்டில் எழுதுங்கள். அதன் படியொன்றை ஊராட்சி மன்றத்துக்குக் கொடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் முதல் அளவை எடுத்துவிடுங்கள்.