பத்தாயிரம் அடி: கணக்குப் போட்டது யார்?

மாலை ஆறு மணிக்குமேல் வீவக புளோக்குகளைச் சுற்றி நடப்பவர்களைக் கவனித்திருப்பீர்கள். வீட்டுக்குத் திரும்பும் நேரத்தில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். 9,600 என்று காட்டும். உடனே இன்னொரு சுற்று! லிஃப்டுக்குக் காத்திருக்கும்போதுகூட நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைப்பவர்கள் உண்டு. மீதி 400 அடியை முடிக்காமல் அவர்களுக்குத் தூக்கம் வராது.

ஒரு நாளைக்கு 10,000 அடி. இந்தக் கணக்கைப் போட்டது யார்? மருத்துவர்கள் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உலகச் சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டியைப் புரட்டினால், பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்று இருக்கிறது. அடிக்கணக்கு எதுவும் அதில் இல்லை.

கதை தொடங்குவது தோக்கியோவில். 1964 அக்டோபரில் அங்கு ஒலிம்பிக் போட்டி நடந்தது. அதே மாதம் முதல் தேதி ஷின்கான்சென் அதிவேக ரயிலும் ஓடத் தொடங்கியது. போரில் நொறுங்கிய நாடு எழுந்து நின்ற காலம் அது. வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்தது, கார்களும் பெருகின. மக்கள் நடப்பது குறைந்தது. ஆனால் ஒலிம்பிக் வீரர்களைப் பார்த்தவர்களுக்கு நாமும் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசையும் வந்திருந்தது.

அந்த ஆசைக்கு ஒரு பொருளைச் செய்து விற்றது யமாசா என்ற நிறுவனம். 1965ல் அது இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சிறு கருவி ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நடக்க நடக்க அது அடிகளை எண்ணும். பெயர், மன்போகெய். ஜப்பானிய மொழியில் ‘மன்’ என்றால் பத்தாயிரம், ‘போ’ என்றால் அடி, ‘கெய்’ என்றால் அளக்கும் கருவி. பத்தாயிரத்தைக் குறிக்கும் எழுத்தே ஒருவர் கைவீசி நடப்பதுபோல இருக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு.

அடி எண்ணும் கருவி அப்போது புதுமையல்ல. லியொனார்டோ டா வின்சியின் குறிப்பேடுகளிலேயே அதற்கு வரைபடம் இருக்கிறது. யமாசா புதிதாகச் செய்தது என்ன? பொருளின் பெயருக்குள்ளேயே இலக்கை வைத்துவிட்டது. வாங்கி மாட்டிக்கொண்டவருக்கு எவ்வளவு நடக்க வேண்டும் என்று வேறு யாரும் சொல்லத் தேவையில்லை. கெட்டிக்கார வியாபாரம்!

ஜப்பானின் நடைக் குழுக்கள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டன. சராசரி ஆண் ஒருவர் 10,000 அடி நடந்தால் சுமார் 300 கலோரி செலவாகும் என்று யோஷிரோ ஹதானோ போன்ற ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். எண் முந்திக்கொண்டது, விளக்கம் பின்னால் வந்தது. 2001ல் ஆஸ்திரேலியாவின் ராக்ஹாம்ப்டன் நகரம் அதே எண்ணை வைத்து ஊர் முழுவதையும் நடக்க அழைத்தது. 2009ல் விற்பனைக்கு வந்த ஃபிட்பிட் கருவியும் அதே எண்ணைத் தூக்கிக்கொண்டது.

அப்படியானால் இது வெறும் விளம்பர வித்தைதானா? அவசரப்பட வேண்டாம்.

மன்போகெய் வந்து மூன்று ஆண்டு கழித்து, 1968ல், எட்வின் லாக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். ‘முடிந்ததைச் செய்’ என்று சொல்லிவிட்டால் மனிதர்கள் சுமாராகத்தான் செய்கிறார்கள், திட்டமான, சற்றுக் கடினமான இலக்கைக் கொடுத்தால் கூடுதலாகச் செய்கிறார்கள் என்பது அவர் கண்டது. நடைக்கும் இது பொருந்துகிறது. 2007ல் ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 2,767 பேர். அடி எண்ணும் கருவியைப் பயன்படுத்தியவர்களின் உடலியக்கம் சுமார் 27 விழுக்காடு கூடியிருந்தது. ஆனால் கருவியை மாட்டிக்கொண்டு இலக்கு எதுவும் வைத்துக்கொள்ளாதவர்களிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை! 10,000 என்றோ வேறு ஓர் எண் என்றோ மனத்தில் வைத்திருந்தவர்களே கூடுதலாக நடந்தார்கள். கடைக்காரர் சூட்டிய பெயர், ஆய்வுக்கூடத்தில் தேறிவிட்டது.

சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. 10,000 அடி என்பது ஏறக்குறைய 7 கிலோமீட்டர். முழங்கால் வலியோடு இருக்கும் 70 வயதுப் பாட்டியிடம் இதைச் சொன்னால் என்ன நடக்கும்? முதல் வாரம் முயல்வார். இரண்டாம் வாரம் 3,000 அடியைப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் நமக்கு ஆகாதம்மா” என்று கருவியை மேசை டிராயரில் போட்டுவிடுவார். அந்த 3,000மும் அத்தோடு நின்றுபோகும்.

சிங்கப்பூரில் மருத்துவம் படித்து ஹார்வர்டில் பேராசிரியரான ஐ-மின் லீ இதையே ஆராய எடுத்துக்கொண்டார். சராசரி வயது 72 ஆன 16,741 அமெரிக்கப் பெண்களிடம் கருவியைக் கொடுத்து, பிறகு நான்கு ஆண்டுக்குமேல் அவர்களைத் தொடர்ந்து கவனித்தது அவரது குழு. முடிவு 2019ல் வெளிவந்தது. நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட, 4,400 அடி நடந்தவர்களின் மரண விகிதம் 41 விழுக்காடு குறைவு. 7,500 அடிக்குமேல் பலன் கூடவில்லை. 2025ல் 57 ஆய்வுகளைத் தொகுத்து லான்செட் குழும இதழ் ஒன்றில் வந்த கட்டுரை, பெரியவர்களுக்கு 7,000 அடி என்பதே எட்டக்கூடிய நல்ல இலக்கு என்றது.

பாட்டியின் 3,000க்கும் 4,400க்கும் இடையே உள்ளது 1,400 அடி. அதாவது, ஏறத்தாழ 15 நிமிட நடை. ஈரச்சந்தைக்குப் போய்வரும் நேரம். அவரிடம் சொல்லியிருக்க வேண்டிய எண் அதுதான்.

2015ல் சுகாதார மேம்பாட்டு வாரியம் தேசிய நடைச் சவாலைத் தொடங்கி, அடி எண்ணும் கருவியை இலவசமாகக் கொடுத்தது. நடந்தால் புள்ளி, புள்ளி சேர்ந்தால் பற்றுச்சீட்டு. பற்றுச்சீட்டுக்காக நடக்கிறார்கள் என்று கேலி பேசியவர்களும் இருந்தார்கள். பேசியவர்களில் எத்தனை பேர் நடந்தார்களோ!

மன்போகெய் என்பது யமாசாவின் பதிவுசெய்யப்பட்ட வணிகப் பெயர். அதனால் ஜப்பானில் பொதுவாக இத்தகைய கருவியை ‘ஹோசூகெய்’ என்கிறார்கள். அதற்கு அடிகளின் எண்ணிக்கையை அளக்கும் கருவி என்றுதான் பொருள். எத்தனை அடி என்று அந்தப் பெயர் சொல்வதில்லை.