குதிரை நடந்து பிறந்த பாட்டு

2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, வேட்டி கட்டி, சட்டை போட்டு, கைகூப்பி நின்ற ஒரு குதிரையைத் தமிழ்நாடே பார்த்தது. அதற்கு வைத்த பெயர் 'தம்பி'. சென்னையில் நேப்பியர் பாலத்துக்குக்கூட அப்போது கறுப்பு வெள்ளைக் கட்டங்களைப் பூசினார்கள். குழந்தைகள் அந்தக் குதிரையோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தம்பிக்கு ஓர் அண்ணன் உண்டு என்பதை அவர்களுக்கு யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! காஞ்சிபுரத்துத் தூப்புலில் பிறந்த ஒருவர், 14ஆம் நூற்றாண்டில் சதுரங்கக் குதிரையை ஒரு செய்யுளுக்குள் நடக்க விட்டார். அது நடந்த தடத்தில் இன்னொரு செய்யுள் பிறந்தது.

பலகை விளையாட்டுப் பிரியர்களுக்கு வாசிப்பிலும் ஒரு தனி ருசி இருக்கும். கதை மட்டும் போதாது, கதைக்குள் ஒரு விதியும் வேண்டும். பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் பெரெக் 1978இல் வெளியிட்ட 'வாழ்க்கை: ஒரு பயனர் கையேடு' என்ற நாவலை அவர்கள் கொண்டாடுவது அதனால்தான். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தைப் பத்துக்குப் பத்துக் கட்டமாகப் பிரித்து, குதிரை தாவும் வரிசையில் அறை அறையாகப் போய் அந்த நாவலை எழுதினார் பெரெக். பெரிய சாதனைதான். ஆனால் குதிரை போகிற வழியிலேயே இலக்கியம் படைக்க வேண்டும் என்ற ஆசை நம் பக்கத்தில் மிகப் பழையது. அதன் உச்சத்தைத் தொட்டவர் ஒரு காஞ்சிபுரத்துக்காரர்.

அந்த ஊருக்கு இது புதிதும் அல்ல. பல்லவர் காலத்துக் காஞ்சியில் வாழ்ந்த தண்டி, சொல்லை வைத்து விளையாடுவதில் பெரிய ஆள். அவருடைய 'தசகுமார சரித'த்தில் மந்திரகுப்தன் என்றொருவன் தன் கதையைச் சொல்கிறான். காதலி கடித்ததில் அவன் உதடு புண்ணாகிக் கிடக்கிறது. அதனால் உதடு ஒட்டும் எழுத்து ஒன்றுகூட வராமல் முழு அத்தியாயத்தையும் சொல்லி முடிக்கிறான். தண்டி எழுதிய 'காவ்யாதர்ச'த்தைத் தழுவித்தான் தமிழில் 'தண்டியலங்காரம்' வந்தது. மாலைமாற்று, கோமூத்திரி, நாகபந்தம் என்று சித்திரகவிக்கு இலக்கணம் சொல்லும் நூல் அது. உதடு ஒட்டாமல் பாடுவதற்குத் தமிழில் நிரோட்டகம் என்று பெயர். துறைமங்கலம் சிவப்பிரகாசர் 17ஆம் நூற்றாண்டில் திருச்செந்தூர் முருகன் மேல் ஓர் அந்தாதியையே அப்படிப் பாடினார். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளோடு இதை ஆடிப் பாருங்கள். ப, ம இல்லாமல் ஒரு நிமிடம் பேச வேண்டும். 'அம்மா', 'அப்பா' என்று கூப்பிடக்கூட முடியாது. வீடே சிரிப்பில் அதிரும்.

இனி குதிரைக்கு வருகிறேன்.

அதை நடக்க விட்ட அந்தக் காஞ்சிபுரத்துக்காரர் வேதாந்த தேசிகர். அவர் பிறந்தது 1268இல். தூப்புல், காஞ்சியில் விளக்கொளிப் பெருமாள் கோயிலை ஒட்டிய இடம். இன்றும் அங்கே தேசிகருக்குச் சந்நிதி இருக்கிறது. அவரது ஐந்து வயதுக் கதை ஒன்றை வைணவர்கள் ஆசையாகச் சொல்வார்கள். தாய்மாமன் அப்புள்ளார் சிறுவனைக் கையைப் பிடித்து வரதராசர் கோயிலுக்குக் கூட்டிப்போகிறார். அங்கே நடாதூர் அம்மாள் என்ற பெரியவர் காலட்சேபம் சொல்லிக்கொண்டிருக்கிறார். வந்த குழந்தையின் முகத்தைப் பார்த்ததில் பேச்சு நின்றுபோகிறது. விட்ட இடம் பெரியவருக்கும் நினைவில்லை, கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் நினைவில்லை. அந்தச் சிறுவன்தான் எடுத்துக் கொடுக்கிறான். கேட்டதைக் கேட்ட வரிசையிலேயே மனத்தில் அடுக்கி வைக்கும் பிள்ளை! பின்னால் அவர் 32 எழுத்துகளை இரண்டு வரிசையில் ஒரே சமயத்தில் மனத்தில் பிடித்துப் பாடினார் என்பதைப் படிக்கும்போதெல்லாம் இந்தக் கதைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

பாட்டு பிறந்த இடம் திருவரங்கம். தேசிகருக்குக் 'கவிதார்க்கிக சிம்மம்' என்ற விருதுப் பெயர் இருந்தது. அதற்கு அவர் தகுதியானவர்தானா என்று ஒரு கேள்வி எழுந்ததாம். ஓர் இரவுக்குள் ஆயிரம் சுலோகம் பாடுபவர் யாரோ அவருக்கே பட்டம் என்று போட்டி வைத்தார்கள் என்பது மரபுக் கதை. எதிரில் இருந்தவர் அரங்கனின் திருவடியைப் பாட எடுத்துக்கொண்டார். தேசிகர் அந்தத் திருவடி ஏறி நிற்கும் பாதுகையை எடுத்துக்கொண்டார். விடிந்தபோது அந்தப் பக்கம் முந்நூறு சுலோகம். இந்தப் பக்கம் 1008 சுலோகம், 32 பத்ததிகளில் வகுத்து முடிந்திருந்தது. அதுதான் 'பாதுகா சஹஸ்ரம்'. வென்றவர் பெருமை பேசவில்லை. பன்றி ஒரே ஈற்றில் பல குட்டி போடும், யானை ஒரே ஒரு கன்றுதான் ஈனும், அரசர்கள் தேடுவது அந்த ஒன்றைத்தான் என்ற பொருளில் பாடி, எதிரில் இருந்தவரின் முந்நூறையே உயர்த்தினார் என்கிறார்கள். ஓர் ஆட்டத்தை வெல்வது எப்படி என்று பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்பும் கதை இது.

பாதுகா சஹஸ்ரத்தின் 30ஆம் பகுதிக்குச் சித்திர பத்ததி என்று பெயர். தாமரை, சக்கரம் என்று எழுத்துகளை வடிவத்தில் அடுக்கிப் படிக்கும் பாடல்கள் அதில் உண்டு. அந்தக் கூட்டத்தில் 929ஆம் சுலோகமும் 930ஆம் சுலோகமும் இரட்டையர். இரண்டும் அனுஷ்டுப் யாப்பு. அடிக்கு எட்டு எழுத்து, நான்கு அடி, ஆக 32 எழுத்து. சதுரங்கப் பலகையில் சரிபாதி, எட்டுக் கட்டம் வீதம் நான்கு வரிசை. 929ஐ வரிசையாக அந்தப் பாதிப் பலகையில் எழுதுங்கள். இடது மேல் மூலையில் குதிரையை வையுங்கள். கீழே உள்ள எண்களின்படி அதைத் தாவ விடுங்கள்:

1 – 30 – 9 – 20 – 3 – 24 – 11 – 26
16 – 19 – 2 – 29 – 10 – 27 – 4 – 23
31 – 8 – 17 – 14 – 21 – 6 – 25 – 12
18 – 15 – 32 – 7 – 28 – 13 – 22 – 5

ஒவ்வொரு தாவலும் சரியான குதிரைத் தாவல். எந்தக் கட்டமும் விட்டுப்போகவில்லை, எதிலும் இரண்டு முறை கால் படவில்லை. குதிரை தொட்ட எழுத்துகளை அந்த வரிசையிலேயே எழுதிக்கொண்டே போனால் 930ஆம் சுலோகம் வந்து நிற்கிறது! அதுவும் தனக்கென்று பொருள் உள்ள முழுப் பாட்டு. முதல் பாட்டு, அரங்கனின் இடத்துக்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர் என்று பாதுகையிடம் வேண்டி முடிகிறது. இரண்டாவதும் பாதுகையைப் பற்றிய துதிதான்.

இதில் எவ்வளவு சிக்கல் என்று ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் தெரியும். முதல் பாட்டின் 2ஆம் எழுத்து மறுபாட்டில் 30ஆவதாகப் போய் உட்காருகிறது. 5ஆவது 3ஆவதாகிறது, 11ஆவது 2ஆவதாகிறது. 32 எழுத்துகளில் இடம் மாறாமல் நிற்பவை முதலாவதும் 21ஆவதும் மட்டுமே. அனுஷ்டுப்புக்கோ கறாரான விதி உண்டு. ஒவ்வோர் அடியிலும் ஐந்தாம் எழுத்து லகுவாகவும் (குறுகிய ஒலி) ஆறாவது குருவாகவும் (நீண்ட ஒலி) நிற்க வேண்டும். ஏழாவது, ஒன்றாம் மூன்றாம் அடிகளில் குரு, இரண்டாம் நான்காம் அடிகளில் லகு. ஆகவே ஒவ்வோர் எழுத்தும் இரண்டு இடத்தில் இரண்டு கணக்குக்கு உட்பட வேண்டும், இரண்டு சொற்களில் பொருள் தர வேண்டும், பக்தியும் கெடக் கூடாது. காஞ்சிபுரத்தில் பட்டுக்கு டிசைன் போடுகிறவர் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகப் புள்ளி வைக்கும்போது, ஒரு கட்டம் தப்பினால் மயிலின் கழுத்து கோணிவிடும். இங்கே ஒரே தாளில் இரண்டு மயில்.

இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவர் தேசிகர் என்று சொல்ல மாட்டேன். 9ஆம் நூற்றாண்டுக் காஷ்மீரத்து ருத்ரடர் தம் 'காவ்யாலங்கார'த்தில் குதிரை நடைச் செய்யுள் ஒன்றைத் தந்துவிட்டார். யானை நடைக்கும் தேர் நடைக்கும்கூட அவரிடம் பாட்டு உண்டு. ஆனால் அவருடைய குதிரை நடந்து முடித்தும் புறப்பட்ட அதே பாட்டுக்குத்தான் வந்து சேர்கிறது. அதற்குத் திரும்பத் திரும்ப வரும் சில எழுத்துகளே போதும். தேசிகரின் குதிரை புது ஊருக்குப் போய்ச் சேருகிறது. இரண்டுக்கும் உள்ள தூரம் பெரியது.

இன்னொரு அழகும் உண்டு. 32ஆம் எண் நிற்கும் கட்டத்தைப் பாருங்கள், நான்காம் வரிசையில் மூன்றாவது. அங்கிருந்து ஒரே தாவலில் ஐந்தாம் வரிசையின் முதல் கட்டத்துக்குப் போகலாம். அதாவது பலகையின் கீழ்ப்பாதியில் இதே நடையை மறுபடி தொடங்கலாம். பாதிப் பலகைக்குப் போட்ட வழியே முழுப் பலகையின் 64 கட்டங்களுக்கும் வழியாகிவிடுகிறது. இந்தக் குதிரைப் பயணத்தை ஐரோப்பாவில் கணக்காக எடுத்து ஆராய்ந்தவர் கணித அறிஞர் ஆய்லர், 1759இல். தேசிகர் அதற்கு ஏறக்குறைய நான்கு நூற்றாண்டு முந்தியவர்.

தேசிகரின் நூல் ஒன்றின் பெயர் 'பரமபத சோபானம்'. விவேகத்தில் தொடங்கி ஒன்பது படிகளில் வைகுண்டம் வரை போகிறது அது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து நாம் தாயம் உருட்டும் பரமபத சோபான படத்துக்கும் அதே பெயர்தான். பாம்பும் ஏணியும் உள்ள அந்தப் படத்தில், பழைய அச்சுகளில், கட்டம்தோறும் ஒரு பெயர் எழுதியிருக்கும். காயை நகர்த்தும்போது அதை வாசித்துச் சொல்ல வேண்டும் என்று பாட்டிமார்கள் வற்புறுத்துவார்கள். நல்ல பழக்கம். விளையாட்டும் வாசிப்பும் ஒரே தாளில் இருந்த காலம் அது.

எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. பாதுகா சஹஸ்ரத்தைப் பாராயணம் செய்கிறோம், பூசை அறையில் வைத்துக் கும்பிடுகிறோம். அதற்கு ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் 929ஐயும் 930ஐயும் பலகையில் வைத்து ஆடவும் வேண்டும். அவை ஆடுவதற்கென்றே கட்டப்பட்டவை. செஸ் கற்கும் பிள்ளைகள் இன்று தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். குதிரை எப்படித் தாவும் என்று சொல்லித் தருகிற அன்றைக்கே, அதே குதிரை தூப்புல்காரர் கையில் என்ன செய்தது என்பதையும் பயிற்சியாளர்கள் சொல்லித் தரலாம். சம்ஸ்கிருதம் தெரிய வேண்டியதில்லை, எழுத்துக் கூட்டத் தெரிந்தால் போதும். தமிழாசிரியர்களும் சித்திரகவிப் பாடத்தைக் கரும்பலகையில் கட்டம் போட்டு நடத்தட்டும். குழந்தைகளுக்கு இலக்கணத்தின் மேல் இருக்கும் பயம் பாதி அங்கேயே போய்விடும்.

சின்னப் பிள்ளைகளுக்கு 32 கட்டம் அதிகம். மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு கட்டம் போதும். குதிரை எல்லாக் கட்டத்தையும் ஒரே ஒரு முறை தொட்டுவரக்கூடிய மிகச் சின்னப் பலகை அது. பன்னிரண்டு எழுத்தில் ஒரு வாக்கியத்தை அதில் ஒளித்து வைத்திருக்கிறேன். மேலே இடது மூலையில் உள்ள 'நா'வில் குதிரை நிற்கிறது, பயணம் முடிவது கீழே வலது மூலையில்:

நா – ஞ் – கு – கி
ப் – றோ – ளை – சி
கா – க் – போ – ம்

இதை வீட்டுக் குழந்தையின் கையில் கொடுங்கள், விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அவர்களே வாசித்து முடித்ததும், அதில் சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். போகிற இடத்தில் விளக்கொளிப் பெருமாள் கோயில் எங்கே என்று யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள்.