சாபம் பிறந்த கதை

மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில் வரும் துஷ்யந்தன் எதையும் மறக்கவில்லை. காளிதாசன் நாடகத்தில் வரும் துர்வாசரும் அங்கே இல்லை, மோதிரமும் இல்லை.

வியாசரின் சகுந்தலை கெட்டிக்காரி. ஆசிரமத்தில் வளர்ப்புத் தந்தை கண்வர் இல்லாத வேளை. எதிரே நிற்பவன் நாடாளும் அரசன், காந்தர்வ மணத்துக்கு அவசரப்படுகிறான். அந்த நேரத்திலும், தன் மகனுக்கே பட்டம் என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் சம்மதிக்கிறாள். சில வருடங்கள் கழித்துப் பிள்ளையோடு சபைக்கு வந்தால், எல்லாம் நினைவிருந்தும் உன்னைத் தெரியாது என்கிறான். அவள் விடவில்லை, சத்தியம் என்றால் என்ன என்று சபை நடுவே அவனுக்குப் பாடமே எடுக்கிறாள். கடைசியில் அசரீரி சாட்சி சொன்ன பிறகே ஏற்கிறான். உன் பேச்சை மட்டும் நம்பி ஏற்றிருந்தால் ஊர் சந்தேகப்பட்டிருக்கும் என்று சமாதானம் வேறு!

காளிதாசனுக்குச் சிக்கல் இங்கேதான். நாடகத்தின் நாயகன் உத்தமனாக இருக்க வேண்டும். தெரிந்தே பொய் சொல்பவனை வைத்துக் காதல் நாடகம் எழுத முடியாது. எனவே, காதலன் அவளை மறந்துபோகட்டும் என்று சபிக்க, நான்காம் அங்கத்தில் துர்வாச முனிவரை வரவழைத்தான். பொய் மறதியாயிற்று. பழியும் இடம் மாறியது: காதலன் நினைவில் விருந்தாளியைக் கவனிக்காதது அவள் குற்றமாம். சாபம் விழுந்ததுகூட அவளுக்குத் தெரியாது, தோழிகளுக்குத்தான் தெரியும். பட்டம் பற்றிய நிபந்தனையும் போயிற்று. அதற்குப் பதிலாக விரலில் ஒரு மோதிரம்.

மோதிரக் கதை பௌத்த ஜாதகக் கதைகளிலும் உண்டு. விறகு பொறுக்கும் பெண்ணுக்குக் காசி அரசன் கொடுத்த மோதிரம் அது. அவள் அதைச் சபையில் நீட்டியும், என்னுடையதல்ல என்று சொல்லிவிடுகிறான். அடையாளம் கையில் இருந்தாலும் ஒப்புக்கொள்வது அரசன் இஷ்டம். காளிதாசனின் சகுந்தலை மோதிரத்தை நீரில் தொலைத்துவிட்டதால் பொய்க்காரியாகிறாள். மீன் வயிற்றில் அதைக் கண்டெடுத்த செம்படவனோ திருடனென்று பிடிபடுகிறான். அவனுக்குக் கிடைத்த வெகுமதியில் பாதி காவலர்களுக்குப் போகிறது. காளிதாசன் அரண்மனையை மட்டும் பார்த்தவனல்ல.

அரண்மனைக்குள் நடப்பதும் அவனுக்குத் தெரியும். அதனால்தான் ஐந்தாம் அங்கத் தொடக்கத்தில் ஹம்சபதிகையைப் பாட வைத்தான் என்று நினைக்கிறேன். துஷ்யந்தன் ஒருகாலத்தில் ஆசைப்பட்டு, பிறகு எட்டிப் பார்க்காமல் விட்ட அந்தப்புரப் பெண் அவள். மேடைக்கே வராமல், உள்ளிருந்து பாட்டாலேயே அவனை இடித்துக் காட்டுகிறாள். அவளைச் சமாதானப்படுத்த விதூஷகனை அனுப்பிவிட்டு அரசன் உட்கார்ந்திருக்கிறான். அவளை அவன் மறந்ததற்கு எந்த முனிவரும் சபிக்கவில்லை.