சூலையின் அளவும் நாவரசர் சொல்லும்

பாபநாசத்திற்கு அணித்தாக உள்ள திருநல்லூர், திருநாவுக்கரசு நாயனார் இறைவன் திருவடியைத் தம் சென்னிமேற் சூட்டப்பெற்ற தலமாகும். அங்குச் செல்லும் அன்பர் அத்திருவருளை நினைந்து உருகுவர். அதனைப் பெற்றவர் முன்னர்ப் பட்ட நோவை நினைப்பவர் சிலரே.

ஒருவர் உடம்பிற் பட்ட நோவைப் பிறர் அறிதற்கு அவர் வாய்ச்சொல்லன்றி வேறு வாயில் இல்லை. இக்காவிரி நாட்டில் நாற்று நட்டு நிமிர்வோர் இடுப்புக் கடுக்கிறது என்பர்; கால் உளைகிறது என்பர். தலை தெறிக்கும், காது குடையும், வயிறு பிசையும். இவையெல்லாம் வினைச்சொற்களே. உள்ளே யாரோ இருந்து தொழில் செய்வதுபோலவே தமிழர் நோவைக் கூறுவர்.

7ஆம் நூற்றாண்டில் திருப்பாதிரிப்புலியூரில் தருமசேனர் என்னும் பெயரோடு சமண முனிவர்க்குத் தலைவராயிருந்த மருணீக்கியாரைச் சூலை பற்றியது. வடவைத் தீயும் நஞ்சும் வச்சிரமும் ஒன்றுகூடிக் குடரைக் குடைந்தாற் போன்றது அந்நோவு என்று 12ஆம் நூற்றாண்டினராகிய சேக்கிழார் அளவிடுகின்றார். முனிவர்கள் நீரை மந்திரித்துக் கொடுத்தனர், பீலியால் தடவினர், தணியாமை கண்டு கைவிட்டனர். பின்னர் அவர்தம் சமையற்காரன் திருவதிகைக்குச் சென்று தமக்கையார் திலகவதியாரிடம் நிலைமையைச் சொன்னான். நேரிற் காணாமலே, ஓர் ஏவலாளன் வாய்மொழியைக் கொண்டே அவ்வம்மையார் அந்நோவை நம்பினார். இவ்வரலாற்றில் இவ்விடம் போதிய அளவு போற்றப்படவில்லை.

திருவதிகையில் அவர் கொல்லிப் பண்ணில் அருளிய முதற் பதிகத்தை விண்ணப்பமாக மட்டுமே கொள்வார் பலர். அது நோயாளர் ஒருவரின் நேர்ச்சான்றுமாகும். நோவு நிற்கும் இடம் வயிற்றின் உட்புறம் என்று திட்டமாகக் குறிக்கின்றார். அது குடரைப் பிணித்துத் தம்மை மடக்குவதையும், பிடுங்கிப் புரட்டி அறுத்து இழுப்பதையும், கலக்கித் தின்பதையும் சூட்டையும் தனித்தனியே பிரித்துக் காட்டுகின்றார். நிலைகொள்ளாத ஆழத்தில் தள்ளப்பட்டவர் போன்ற திகைப்பும், வியர்த்துப் புரண்டு விழுந்தெழும் உடல்நிலையும் அதிலுண்டு. இவை அனைத்திற்கும் முன்னதாகத் தொடக்கத்திலேயே அந்நோவைக் கூற்றுவன் என மதித்துவிடுகின்றார்.

மேனாட்டு மருத்துவர் இந்நெறிக்கு வந்தது அண்மையிலேதான். 1940களில் நியூயார்க்கில் ஹார்டி, உல்ஃப், குடெல் என்போர் நெற்றியில் வெப்பத்தைப் பாய்ச்சி நோவை அளந்து, ‘டால்’ என்றோர் அலகும் வகுத்தனர். நெற்றிச் சூட்டின் அளவு குடர்நோவுக்கு எங்ஙனம் பொருந்தும்? 1971இல் மெல்சாக், டார்கர்சன் என்னும் இருவர் நோவைக் குறிக்கும் 102 சொற்களைத் திரட்டி வகைப்படுத்தினர். அதன்வழியே 1975இல் மெல்சாக் வெளியிட்ட மெக்கில் வினாநிரலில் 78 சொற்கள் 20 தொகுதிகளாக நின்றன. அறுத்தல், இழுத்தல், சுடுதல் போன்ற உணர்வுச்சொற்கள், அச்சமும் அயர்வும் குறிப்பன, மொத்த மதிப்பைக் கூறுவன என அவை பிரிக்கப்பட்டன. அதிகைப் பதிகத்தில் இம்மூன்றும் உள்ளன. நோவுற்றேன் என்று ஒருவர் கூறுவதை மதித்தல் வேண்டும் என்று உலக நோவாய்வுச் சங்கம் தன் இலக்கணக் குறிப்பிலேயே எழுதியது 2020இல்.

சூலை நீங்கியபின் பல்லவ மன்னன் அழைப்பை மறுத்தபோது, நோயென்பதையே அறியோம் என்று பாடியவரும் இவரே. நீற்றறையில் ஏழு நாள் அடைக்கப்பட்டபோது வீணையிசையும் மாலைமதியும் தென்றலுமாகத் தம் நிலையைச் சொன்னார். குடரின் நோவை ஒன்றும் மறைக்காது உரைத்த நா அது. ஆதலின் நீற்றறையின் குளிர்ச்சியைப் புனைந்துரை எனத் தள்ளுவது எளிதன்று.

பின்னொருநாள் திருச்சத்திமுற்றத்தில், கூற்றுவன் வந்து உடலைச் சிதைக்குமுன் திருவடியைத் தம்மேற் பதித்தருளுமாறு வேண்டினார். அதிகையில் நோய்க்கு இட்ட பெயர் இங்கே உரியவனுக்கே ஆயிற்று. நல்லூருக்கு வருக என்னும் அருள்வாக்குக் கேட்டுச் சென்றவர்க்கு அங்கே திருவடி சூட்டப்பெற்றது. அந்நினைவாக அக்கோயிலில் வழிபடுவோர் தலையில் இன்றும் சடாரி சாத்துகின்றனர்.