விலங்கை அறுத்த இளையோர்

"அடிமை வியாபாரத்தை ஒழித்தவர் யார்?"

பாடசாலையிலே சரித்திர ஆசிரியர் இவ்வினாவை எழுப்பும்போதெல்லாம் "வில்பர்போர்ஸ்" என்று ஒரே குரலில் விடையிறுத்தவர்கள் நாம். ஆசிரியரும் மகிழ்ந்து அடுத்த வினாவுக்குச் செல்வார். அவ்விடை பிழையன்று. பிரித்தானியப் பாராளுமன்றத்திலே ஆண்டுக்கணக்காக ஓயாது வாதாடி, 1807 ஆம் ஆண்டில் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறக் காரணராயிருந்தவருள் வில்லியம் வில்பர்போர்ஸ் தலையாயவர் என்பது உண்மையே. ஆயினும், பல்கலைக்கழகம் புகுந்தபின், அடிமைகளாயிருந்தோர் தாமே எழுதியும் சொல்லியும் வைத்த சரிதங்களைப் படிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டிற்று. படித்து முடித்தபோது நெஞ்சிலே வேறொரு வினா எழுந்தது. விலங்கு பூட்டப்பட்டவர்கள், பிறர் வந்து அதனை அவிழ்க்கும் வரை கைகட்டிக் காத்திருந்தனரா? இல்லை என்பதே அச்சரிதங்கள் தரும் விடை. அதனை நம் சங்கத்து இளைஞரோடும் பெரியோரோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி கடந்தும், ஆபிரிக்கக் கரைகளிலிருந்து ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் மக்கள் கப்பலேற்றப்பட்டனர் என்பது ஆய்வாளர் கணிப்பு. அவர்களுள் ஏறத்தாழ 18 இலட்சம் பேர் அமெரிக்கக் கரையைக் காணாமலே கடலில் மாண்டனர். கப்பலேற்றப்பட்டோரில் நால்வரில் ஒருவர் பிள்ளைகள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என நம் நாட்டின் கரையோரத்தை அடுத்தடுத்து ஆண்ட மூவருமே இவ்வியாபாரத்திலும் கைதேர்ந்தவராயிருந்தனர். ஐரோப்பியர் தேநீரில் இட்ட சர்க்கரையும், புகைத்த புகையிலையும், உடுத்த பருத்தித் துணியும் இவ்வடிமைகளின் வியர்வையில் விளைந்தவை. இப்பெருங் கூட்டத்திலிருந்து மூன்று இளையோரை மட்டும் இங்கு காண்போம்.

முதலாமவர் ஒலாண்டா எக்குவியானோ. இன்றைய நைஜீரியாவைச் சேர்ந்த இக்போ நாட்டிலே பிறந்ததாகவும், பதினொரு வயதளவில் சகோதரியோடு வீட்டிலிருந்து கவர்ந்து செல்லப்பட்டதாகவும் அவர் தம் நூலில் எழுதுகிறார். (அவர் அமெரிக்காவிலேயே பிறந்தவரென்று கருதும் ஆய்வாளரும் உளர்.) சகோதரியையும் அவரையும் வழியிலேயே பிரித்துவிட்டனர். வர்ஜீனியாவில் அவரை விலைக்கு வாங்கிய பிரித்தானியக் கடற்படை அதிகாரி பஸ்கல் என்பவர், அவருடைய பெயரையே மாற்றி வேறு பெயர் சூட்டினார். போர்க்கப்பல்களில் ஏவல் செய்துகொண்டே அச்சிறுவன் எழுத்தையும் கணக்கையும் கற்றான், ஞானஸ்நானமும் பெற்றான். போர் முடிந்ததும் விடுதலை கிடைக்கும் என நம்பியிருந்தான். ஆனால் 1762 ஆம் ஆண்டின் இறுதியில் தேம்ஸ் நதியிலேயே வேறொரு கப்பற்றலைவனுக்கு விற்கப்பட்டான். நாட்டின் சட்டப்படி தன்னை விற்க எவருக்கும் உரிமையில்லையென அவன் வாதாடியபோது, அத்தலைவன் சொன்ன மறுமொழி நம் சிந்தைக்குரியது: பையன் அளவுக்கு மிஞ்சி ஆங்கிலம் பேசுகிறான் என்பதே அது. எசமானனின் மொழியை அடிமை கற்பது எசமானனுக்கு எவ்வளவு அச்சத்தைத் தந்தது என்பதை இதிலிருந்து உணரலாம்.

மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய மொண்ட்செராற்றிலே ரொபர்ட் கிங் என்னும் வணிகர் அவரை வாங்கினார். கொடுத்த விலையாகிய 40 பவுணை ஈட்டித் தந்தால் விடுவிப்பதாக வாக்களித்தார். எக்குவியானோவிடம் அப்போதிருந்த மூலதனம் மூன்று பென்ஸ்! அதைக்கொண்டு ஒரு தீவிலே கண்ணாடிக் குவளையொன்றை வாங்கி, மற்றொரு தீவிலே ஆறு பென்சுக்கு விற்றார். இப்படியே பென்ஸ் பென்சாகச் சேர்த்தார். வெள்ளையர் சிலர் அவர் பண்டங்களைப் பறித்துக்கொண்டு பணங் கொடாது துரத்தியபோதும் மனந்தளர்ந்தாரல்லர். பணத்தைக் கொண்டுவந்து முன்வைத்தபோது எசமானர் தயங்கினார். இத்தனை விரைவில் சேருமென அறிந்திருந்தால் வாக்களித்திரார் போலும்! கப்பற்றலைவர் ஒருவர் எடுத்துரைக்கவே இணங்கினார். 1766 ஆம் ஆண்டு ஜூலை 11 ஆம் நாள் விடுதலைப் பத்திரம் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தொன்று. நம்மில் பலர் தந்தையார் அனுப்பும் பணத்தில் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் வயதிலே, அவ்விளைஞர் தம்மைத் தாமே விலைகொடுத்து வாங்கிக்கொண்டார்.

இரண்டாமவர் ஜோனதன் ஸ்ட்ரோங். பார்படோஸ் தீவிலிருந்து எசமானனால் லண்டனுக்குக் கொண்டுவரப்பட்ட சிறுவன். 1765 ஆம் ஆண்டில், பதினாறு அல்லது பதினேழு வயதிலே, எசமானன் கைத்துப்பாக்கியால் தலையில் அடித்து, பார்வை மங்கும் நிலையில் தெருவிலே தள்ளிவிட்டான். ஏழைகளுக்கு இலவசமாக மருத்துவஞ் செய்துவந்த வில்லியம் ஷார்ப் என்பவரும் அவர் தம்பி கிரான்வில் ஷார்ப்பும் அவனை வைத்தியசாலையிற் சேர்த்துக் காப்பாற்றினர். இரண்டாண்டு கழித்து, உடல் தேறிய ஸ்ட்ரோங்கைத் தெருவிலே கண்ட பழைய எசமானன், "வீசியெறிந்த பொருளுக்கு இன்னும் விலையுண்டு" என எண்ணினான் போலும்! ஜமெய்க்காத் தோட்டக்காரன் ஒருவனுக்கு 30 பவுணுக்கு விலைபேசி, ஆள்வைத்துப் பிடித்து, கப்பலேற்றும் வரை சிறையிலிட்டான்.

அவ்விளைஞன் அழுதுகொண்டிருக்கவில்லை, கிரான்வில் ஷார்ப்புக்குக் கடிதம் விடுத்தான். அந்த ஒரு கடிதமே வரலாற்றைத் திருப்பிற்று. ஷார்ப் நகரபிதாவிடம் முறையிட்டார். குற்றமொன்றும் செய்யாதவனைச் சிறையில் வைக்கலாகாதென 1767 ஆம் ஆண்டு செப்டெம்பரில் தீர்ப்பாயிற்று. அதன்பின் ஷார்ப், சட்டம் பயிலாதவராயிருந்தும், ஈராண்டு சட்டநூல்களை ஆராய்ந்து அடிமை முறைக்கு எதிராக நூல் வெளியிட்டார். அவருடைய முயற்சியே 1772 இல் ஜேம்ஸ் சமர்செற் வழக்கிலே, அடிமையை வலிந்து இங்கிலாந்திலிருந்து வெளியேற்றலாகாதென்னும் தீர்ப்புக்கு வழிகோலியது. ஸ்ட்ரோங்கோ 1773 இல், இருபத்தைந்து வயதளவில் மறைந்தார். ஷார்ப்பின் பெயரைப் போற்றும் நாம், அவரைத் தட்டியெழுப்பிய கடிதத்தை மறக்கலாமா?

மூன்றாமவர் ஒரு பெண். மேரி பிரின்ஸ் என்பது அவர் பெயர். 1788 ஆம் ஆண்டளவில் பெர்முடாவிலே அடிமைத் தாய்க்குப் பிறந்தார். பன்னிரண்டு வயதிலே அவரையும் தங்கையர் இருவரையும் ஒரே நாளில் ஏலச் சந்தைக்கு அழைத்துச் சென்றவர் பெற்ற தாயே. எசமானனின் கட்டளை அது. ஒவ்வொருவரும் வெவ்வேறு கைக்குச் சென்றனர். பின்னர் துருக்கத் தீவு எனப்படும் இடத்தின் உப்பளங்களிலே, விடியுமுன்னர் தொடங்கி முழங்காலளவு உப்புநீரில் நின்று ஆண்டுக்கணக்காக உழைத்தார். உப்பு அரித்துக் கால்கள் புண்ணாயின. அதன்பின் அன்ரிகுவாத் தீவுக்கு விற்கப்பட்டார். அங்கேதான் எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றார்; விடுதலை பெற்ற ஒருவரை மணந்தார்.

1828 இல் எசமானர் குடும்பத்தோடு லண்டன் சென்றவர், அவர்கள் வீட்டைத் துணிந்து நீங்கி, அடிமையொழிப்புச் சங்கத்தை நாடினார். இங்கிலாந்து மண்ணிலே அவரை எவரும் பிடிக்கவியலாது. ஆனால் கணவர் இருக்கும் அன்ரிகுவாவில் கால்வைத்த மாத்திரத்தே மீண்டும் அடிமையே! விடுதலையை விலைகொடுத்து வாங்க முன்வந்தபோதும் எசமானர் விற்க மறுத்தார். 1829 இல் அவர் பேரால் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பம் சமர்ப்பிக்கப்பட்டது. அடிமை பட்ட துன்பத்தை அடிமையின் வாயாலேயே இங்கிலாந்து மக்கள் கேட்கவேண்டும் எனக் கருதித் தம் சரிதத்தை எழுதுவிக்க விரும்பியவரும் அவரே. அச்சரிதம் 1831 இல் வெளியாகி, அவ்வாண்டிலேயே மூன்று பதிப்புக் கண்டது. அதே ஆண்டின் நத்தார்க் காலத்தில் ஜமெய்க்காவிலே, சாமுவேல் ஷார்ப் என்னும் அடிமைப் போதகரின் தலைமையில், கூலியின்றி வேலை செய்யோம் என அடிமைகள் மறுத்து நின்றனர். அது பெருங் கிளர்ச்சியாய் மூண்டது. 1832 இல் அவர் தூக்கிலிடப்பட்டார்.

இவ்வாறு எழுதியும் பேசியும் மறுத்தும் மாண்டும் நெருக்கியவர்கள் ஒரு பக்கம். பாராளுமன்றத்திலே வாதாடியவர்கள் மறு பக்கம். இரண்டுஞ் சேர்ந்தே 1833 ஆம் ஆண்டின் அடிமையொழிப்புச் சட்டத்தைப் பிறப்பித்தன. அச்சட்டம் நட்டஈடாக 2 கோடி பவுண் ஒதுக்கியது. எவருக்கு? அடிமைகளுக்கன்று, அடிமைகளை உடையோருக்கு! அத்தொகைக்காகப் பட்ட கடன் 2015 இலேயே முற்றாகத் தீர்க்கப்பட்டது.

இனி, நம் இலங்கையின் கதைக்கு வருவோம். 1833 ஆம் ஆண்டுச் சட்டம், கிழக்கிந்தியக் கம்பனியின் நாடுகளையும் சென் ஹெலினாவையும் இலங்கையையும் விலக்கியே இயற்றப்பட்டது. அன்ரிகுவாவில் 1834 ஆகஸ்டு 1 ஆம் நாள் விலங்கு வீழ்ந்தது, இலங்கையில் வீழவில்லை. இலங்கையிலும் அடிமைகள் இருந்தனரா என இளைஞர் வியக்கலாம். 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையிலே அடிமைகளைப் பற்றித் தனிப்பகுதியே உண்டு. 1816 ஆகஸ்டு 12 ஆம் நாளுக்குப் பின் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என, நீதியரசர் சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரன் காலத்தில் உடையோர் சிலர் இணங்கினர். முற்றாக ஒழித்த சட்டம் 1844 இலேயே வந்தது. யாழ்ப்பாணத்திலே உடையோராயிருந்தவரும் நம்மவர், உடைமையாயிருந்தவரும் நம்மவர். வெள்ளையன் கொடுமையைப் பேசும்போது உரத்துப் பேசும் நாம், இதனைப் பேசும்போது குரல் தாழ்த்துகிறோம். நாம் படித்த பாடநூலில் மேற்கிந்தியத் தீவின் அடிமை பற்றி ஓர் அதிகாரம் இருந்தது. நம் அயற்கிராமத்து அடிமை பற்றி ஒரு வரியும் இருக்கவில்லை.

"குடிமை, அடிமை" என்னும் வழக்கை மூத்தோர் அறிவர். சட்டம் 1844 இல் உடலை விடுவித்தது. ஆயினும் கிணற்றடியும் கோவில் வாயிலும் பலருக்கு அடைபட்டே கிடந்தன. 1957 இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கச் சட்டம் வேண்டியிருந்தது. 1968 இல் மாவிட்டபுரத்துக் கந்தசுவாமி கோவில் வாயிலிலே போராட்டம் வேண்டியிருந்தது. அங்கும் வாயிலில் நின்றோர் கருணையை எதிர்பார்த்து நின்றவரல்லர். உரிமையைக் கேட்டு நின்றவர். எல்லா உயிரிலும் இறைவன் உறைகின்றான் என ஓதும் சமயத்தவராகிய நமக்கு, இதனை நினைவுகூர்வது இழிவன்று, கடமை.

பெரியோர்களே, உங்கள் பாட்டனார் சொல்லக் கேட்டவற்றை, இனிமையானவற்றை மட்டுமன்றிக் கசப்பானவற்றையும் எமக்குச் சொல்லுங்கள். இளைஞர்காள், கேட்டவற்றை எழுதி வையுங்கள். ஸ்ட்ரோங்கின் கடிதம் போன்று, மேரி பிரின்சின் சரிதம் போன்று, நம் மண்ணிலும் சொல்லப்படாத சொற்கள் உள. அடிமைத்தளையை ஒழித்தவர் யார் என நாளை நம் பிள்ளைகள் வினவுவர். அப்போது ஒரு பெயரை மட்டும் சொல்லி அடுத்த வினாவுக்குச் செல்லாது, தளை சுமந்து நின்று அதனை அறுக்க முயன்றவரின் பெயர்களையும் சேர்த்துச் சொல்வோமாக.